அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

பண்டார் தெங்காராவிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும் சற்று நேரத்தில் இரு பக்கமும் செம்பனைதான். கெஜோரா என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியம் 1972இல் அமைந்த பிறகு எழுந்த பட்டணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே இன்றைய பேச்சைச் செம்பனை மரத்தின் அடியிலிருந்தே தொடங்குகிறோம்.

குலை வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சி. ஒரு மரம் வெளியே பசுமையாக நிற்கும். குலையும் தரும். பிறகு ஒருநாள் உச்சியில் இரண்டு மூன்று குருத்துகள் விரியாமல் ஈட்டி போல நிற்கும். கீழ்மட்டைகள் மடிந்து பாவாடை போலத் தொங்கும். அடித்தண்டில் பலகை பலகையாகக் காளான் முளைக்கும். கனோடெர்மா என்னும் பூஞ்சையின் வேலை அது. மட்டையில் அடையாளம் தெரியும் நாளில் தண்டின் அடிப்பாகத்தை அறுத்துப் பார்த்தால், பெரும்பாலும் பாதிக்கு மேல் அழுகிப் போயிருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்போம். நேற்று வந்த நோய் அல்ல அது. பல காலம் உள்ளே இருந்து தின்ற நோய். அதனால்தான் மலேசியச் செம்பனை வாரியத்து ஆய்வாளர்கள், மரத்தை அறுக்காமலே தண்டுக்குள் ஒலி அலையைச் செலுத்தி, உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைப் பழக்கத்துக்குக் கொண்டுவர உழைத்தார்கள்.

மனித மூளையிலும் ஏறத்தாழ இதே கதை நடக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தைக்கு வயது 48. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குலை வெட்டியவர். இரண்டு ஆண்டுகளாக ஏதோ சரியில்லை. வெட்டிய நிரையிலேயே மறுபடியும் போய் நிற்கிறார். மோட்டார் சைக்கிளைச் சந்தைக்கு எடுத்துப்போய், அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வருகிறார். சம்பளப் பணத்தை எண்ணத் தடுமாறுகிறார். கேட்டால் கோபம் வருகிறது. மண்டோர் "சோம்பேறியாகிவிட்டான்" என்கிறார். பக்கத்து வீட்டில் "சம்சு குடித்துக் குடித்து வந்தது" என்கிறார்கள். வேறொருவர் செய்வினை என்கிறார். எல்லைக்கோயிலில் சேவலும் பலி கொடுத்தாகிவிட்டது.

மனைவிக்கு மட்டும் வேறு ஒரு நினைவு. அவருடைய மாமனாரும் ஐம்பது வயதை ஒட்டிப் புத்தி பேதலித்துத்தான் போய்ச் சேர்ந்தார். கணவரின் அண்ணனும் அப்படியே. மகளுக்கு 24 வயது. கூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வரன் பேசி வருகிறார்கள். ஒருநாள் இரவு அந்தப் பெண் தாயிடம் கேட்கிறாள்: "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா அம்மா?"

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது. "உனக்கு ஒன்றும் வராது, சும்மா இரு" என்பதும் பதில் ஆகாது. "எல்லாம் தலையெழுத்து" என்பதும் ஆகாது.

முதலில் அச்சத்தைக் குறைக்கும் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். மறதி நோய் என்பது ஒரே நோய் அல்ல. மலாய்க்காரர்கள் 'ஞாஞுக்' என்கிறார்கள்; நம் பெரியவர்கள் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கும். 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகமானோரிடம் மறதி நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தந்தை வழியிலோ தாய் வழியிலோ நேராக இறங்கி வந்தது அல்ல. மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். அதிலும் ஒரே ஒரு மரபணுவின் பிழையால் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எழுபத்தைந்து வயதில் பாட்டிக்கு மறதி வந்துவிட்டது என்பதற்காக, பேத்தியின் திருமணப் பேச்சில் யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் சொன்ன குடும்பத்தின் கதை சற்று வேறு. மூன்று பேர், இரண்டு தலைமுறை, எல்லாருக்கும் அறுபதுக்குள். இப்படி இருக்கும்போதுதான் மருத்துவர்கள் 'பரம்பரை மறதி நோயாக இருக்குமோ' என்று யோசிப்பார்கள்.

நம் உடம்பில் உள்ள புரதம் ஒவ்வொன்றும் ஒரு மணிமாலை போன்றது. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று எழுதி வைத்த சீட்டுத்தான் மரபணு. பிரசெனிலின்-1 என்று ஒரு புரதம் உண்டு. 467 மணிகள் கோத்த மாலை அது. இதற்கான மரபணுவை ஆய்வாளர்கள் 1995இல் கண்டுபிடித்தார்கள். இந்த மாலையில் சில இடங்களில் ஒரே ஒரு மணி மாறிப் போனாலும் போதும், அந்த மனிதருக்கு நாற்பது ஐம்பது வயதிலேயே அல்சைமர் நோய் வருகிறது. இதேபோல் நோயை நேராக இறக்கிவிடும் மரபணுக்கள் இன்னும் இரண்டு உண்டு.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு. அங்கே அந்தியோக்கியா மாநிலத்து மலைக் கிராமங்களில், பல தலைமுறைகளாக நாற்பத்தைந்து வயதை ஒட்டி நினைவு தவறிப்போகும் மக்கள் இருந்தார்கள். அங்கும் மந்திரம், சாபம் என்ற பேச்சுத்தான். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் 1980களிலிருந்து வீடு வீடாகச் சென்று, யார் யாருக்கு உறவு, யாருக்கு எந்த வயதில் வந்தது என்று எழுதி எழுதி, ஆயிரக்கணக்கானோர் அடங்கிய ஒரே வம்சம் அது என்று காட்டினார். அவர் 2024இல் காலமானார். அந்த வம்சத்தில் கண்ட பிழை, அந்த மாலையின் 280ஆவது மணியில் இருந்தது.

கொலம்பியா எங்கே, ஜொகூர் எங்கே என்று நேயர்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் 2015இல் நம் நாட்டு மருத்துவர்களும் கொரியா நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலேசியக் குடும்பம் ஒன்றில் உடன்பிறந்தோர் மூவருக்கு இளவயதிலேயே அல்சைமர் நோய். இறந்துபோன தந்தைக்கும் அப்படியே இருந்தது. மூவரின் மரபணுவையும் பரிசோதித்தபோது, அதே மாலையில் அதே 280ஆவது மணி மாறியிருந்தது. கொலம்பியாவில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த மணி வேறு, இங்கே உட்கார்ந்தது வேறு, இடம் ஒன்றே. அதுவரை உலகில் யாரும் பதிவு செய்யாத மாற்றம் அது. நோய்க்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

அந்தக் கட்டுரையில் எங்கள் மனத்தில் தங்கியது இன்னொரு செய்தி. அதே குடும்பத்தில் மேலும் பத்துப் பேரைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரிடமும் அந்தப் பிழை இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஆறு பேருக்கு வலிப்பு, மனநோய், படிப்பில் பின்தங்குதல் என்று வேறு வேறு துன்பங்கள் இருந்தன. தோட்டத்தில் என்றால் என்ன சொல்லியிருப்போம்? "அந்தக் குடும்பமே அப்படித்தான், அது அவர்கள் இரத்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்போம். சோதனை அப்படிச் சொல்லவில்லை. மூவருடைய நோய் ஒன்று, மற்றவர்களுடைய துன்பம் வேறு.

இப்படிப்பட்ட பிழை எப்படி இறங்கும்? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவதுபோல. நான்கு பிள்ளைகள் என்றால் சரியாக இருவருக்கு வரும் என்று கணக்கில்லை. ஒருவருக்கும் வராமலும் போகலாம், நால்வருக்கும் வரலாம். ஆண் பெண் வேறுபாடு இல்லை. 'மகனை விட்டுவிட்டுப் பேரனுக்குத் தாவும்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. மகனிடம் பிழை இல்லையென்றால் அவன் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கிளையில் அது அத்தோடு நின்றது.

இனி மூளைக்குள் போவோம்.

2008இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்திலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, இத்தகைய குடும்பங்களைப் பல நாடுகளில் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. இந்தக் குடும்பங்களில் ஒரு விசேஷம். தந்தைக்கோ தாய்க்கோ எந்த வயதில் அறிகுறி தோன்றியதோ, பெரும்பாலும் அந்த வயதை ஒட்டியே பிள்ளைக்கும் தோன்றும். ஆகவே இன்னும் நோய் வராதவரிடமும், 'வருவதாக இருந்தால் இன்னும் இத்தனை ஆண்டு' என்று எண்ணிக்கொண்டே பார்க்க முடியும். 2012இல் 128 பேரை ஆராய்ந்த முடிவு வெளிவந்தது.

அந்தக் கணக்கை நாம் பேசிய தந்தைக்குப் பொருத்திப் பார்ப்போம். அவருக்கு 46இல் அறிகுறி என்று கொள்வோம். 25 ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது அவருடைய 21 வயதில், முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் அமிலாய்டு என்ற புரதத்தின் அளவு குறையத் தொடங்குகிறது. ஏன் குறைகிறது? தோட்டத்து வாய்க்காலில் கீழே தண்ணீர் குறைந்தால் மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்றுதானே பொருள்? மூளையிலே அது படியத் தொடங்கிவிட்டதால் நீரில் வந்து சேர்வது குறைகிறது. அப்போது அவர் திருமணமாகாத இளைஞர். குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் எறிபவர். 31 வயதில், அதாவது 15 ஆண்டுகளுக்கு முன், அந்தப் படிவு மூளைப் படத்திலேயே தெரிகிறது. டாவ் என்ற இன்னொரு புரதம் நீரில் கூடுகிறது. மூளையின் சில பகுதிகள் சுருங்க ஆரம்பிக்கின்றன. அப்போது மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. 36இல் மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவது குறைகிறது. நுட்பமாகச் சோதித்தால் நினைவிலும் சிறு தளர்ச்சி தெரியும். மகள் ஆறாம் ஆண்டு. 41இல் தான் பொதுவான புத்திக் கூர்மையிலே குறை தெரிகிறது. அதுவும் மருத்துவருடைய சோதனையில். வீட்டாருக்குத் தெரிவது அதற்குப் பிறகு.

சேவல் பலி கொடுத்த நாளில் அந்த நோய்க்கு வயது இருபதுக்கு மேல்.

நோய் வெளியே தெரியுமுன் உள்ளே நடப்பதை அறிவிக்கும் இத்தகைய அடையாளங்களைத்தான் 'பயோமார்க்கர்' என்கிறார்கள். தமிழில் 'உயிர்க்குறி' என்று சொல்லலாம். முன்பு இவற்றைப் பார்க்க இடுப்பெலும்பின் அருகே ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டும், அல்லது விலையுயர்ந்த படப்பிடிப்புக் கருவி வேண்டும். இப்போது இரத்தத்திலேயே சில குறிகளைக் காண்கிறார்கள். நரம்பு இழை சிதையும்போது அதன் துகள் இரத்தத்தில் கலக்கிறது. கரையான் அரித்த தூணுக்குக் கீழே தூள் கொட்டிக் கிடப்பதைப்போல. 2019இல் வெளியான ஆய்வில், பிழையைச் சுமப்பவர்களிடம் இந்தத் தூள் கூடிவரும் வேகம், அறிகுறிக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே மற்றவர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. ஆனால் தூளைப் பார்த்து அரித்தது கரையானா வண்டா என்று சொல்ல முடியாதல்லவா? தலையில் அடிபட்டாலும், பக்கவாதம் வந்தாலும் இதே துகள் கூடும். அல்சைமரையே சுட்டிக்காட்டுவது டாவ் புரதத்தின் ஒரு வடிவம். கொலம்பிய வம்சத்தில் அது இருபத்தைந்து வயதை ஒட்டியே இரத்தத்தில் உயரத் தொடங்கியதை 2020இல் காட்டினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025இல் அமெரிக்க அரசு இத்தகைய இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி தந்தது. அறிகுறி உள்ளவர்களை மருத்துவர் ஆராயும்போது உதவுவதற்குத்தான் அது. நலமாக இருக்கிறவர் கடையில் நுழைந்து 'எனக்கு வருமா பாருங்கள்' என்று காசு கொடுத்துப் பார்க்கிற சோதனை அல்ல. அப்படி யாராவது விற்க வந்தால் பணத்தைப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்.

இத்தனையும் கண்டுபிடித்து என்ன பயன், மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொலம்பியாவில் 252 பேரிடம் பல ஆண்டுகள் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 2022இல் வந்த முடிவு ஏமாற்றம் தந்தது. 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு மருந்துகள் மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றுகின்றன, நோயின் ஓட்டத்தைச் சிறிது தாமதப்படுத்துகின்றன, நிறுத்தவில்லை. மூளை வீக்கம், கசிவு என்ற ஆபத்தும் அவற்றில் உண்டு. 2025இல் வந்த செய்தி ஒன்று சற்று நம்பிக்கை தருகிறது. பிழையைச் சுமந்தும் இன்னும் அறிகுறி இல்லாதவர்களில், இப்படிப்பட்ட ஒரு மருந்தை மிக நீண்ட காலம் பெற்ற ஒரு சிறு குழுவில், அறிகுறி தோன்றும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்தது. 22 பேர்தான். அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. ஆனால் தோன்றுமுன்பே தொடங்கினால் பயன் உண்டோ என்ற கேள்விக்கு அது ஒரு தொடக்கம்.

கொலம்பிய வம்சத்தில் ஒரு பெண்மணியின் கதையையும் சொல்ல வேண்டும். பிழை இருந்தும், எழுபது வயதுவரை அவருக்கு நினைவு தவறவில்லை. மூளையைப் படமெடுத்தால் அமிலாய்டு மண்டிக் கிடக்கிறது. டாவ் மட்டும் குறைவு. அவருக்கு இன்னொரு மரபணுவில் அரிய மாற்றம் ஒன்று, இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தது. அதுவே அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் எழுதினார்கள். அந்த வழியில் மருந்து தேடும் வேலை இப்போது நடக்கிறது.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

அவள் நேரே போய்த் தன் இரத்தத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது தந்தையை. அவருக்கு வந்திருப்பது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டைக்குள் கட்டிய இரத்தம், குடியால் வந்த சத்துக் குறைவு ஆகிய எல்லாமே மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மூளையின் இரத்தக் குழாயைக் கெடுக்கும். 2019ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில் நம் நாட்டு வயதுவந்த இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆகவே முதல் வாசல் பண்டார் தெங்காராவின் அரசாங்க கிளினிக்தான். அங்கிருந்து கடிதம் வாங்கிப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகும் சந்தேகம் நின்றால், மரபணுச் சோதனையைத் தந்தைக்குத்தான் முதலில் செய்வார்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இதற்கென்று மரபணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. தந்தையிடம் எந்த மணி மாறியது என்று தெரிந்தால்தான் மகளிடம் அதைத் தேட முடியும். தந்தையிடம் பிழை ஒன்றும் அகப்படாவிட்டால், மகளைச் சோதிப்பதில் பொருளே இல்லை.

பிழை அகப்பட்டுவிட்டால்? அப்போதும் அவள் பார்த்தே தீரவேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். நாம் முன்பு கூறிய அந்த உலக ஆய்வில் சேர்ந்தவர்களும் தங்கள் முடிவைத் தெரிந்துகொள்ளாமலே பங்குபெறலாம். பலர் அப்படியே இருக்கிறார்கள். சிலர் பிள்ளை பெறுவதற்கு முன்பு தெரியவேண்டும் என்கிறார்கள். சிலர் தெரிந்தால் தூக்கம் போய்விடும் என்கிறார்கள். இரண்டையும் நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் தாயோ, மாமனோ, வரன் வீட்டாரோ அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோதிக்க வைப்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டோம். முடிவு அவளுடையது. சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை சொல்லப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசாமல் இரத்தம் கொடுக்கக்கூடாது. காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். 18 வயதாகாத தம்பி தங்கைகளை இதில் இழுக்கக்கூடாது.

தந்தையின் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோம்பேறி என்று பெயர் வாங்கி, கோபத்தில் வேலையை விட்டு நிற்பதாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சொக்சோ சந்தா கட்டி வந்த தொழிலாளி 60 வயதுக்குள் நோயால் உழைக்க முடியாமல் போனால், இயலாமைத் திட்டத்தின் கீழ் ஓய்வூதியம் கோர வழி உண்டு. மருத்துவச் சான்று வேண்டும், சந்தா கணக்கும் பார்ப்பார்கள். தொழிற்சங்கத்துக்காரரையோ சொக்சோ அலுவலகத்தையோ கேட்டு மனுச் செய்யுங்கள். சமூகநல இலாகாவின் மாற்றுத் திறனாளி அட்டைக்கும் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு சிறு வேலை. பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, குடும்ப மரத்தை எழுதுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில், எந்த வயதில் மாற்றம் தெரிந்தது, முதலில் தவறியது நினைவா, குணமா, நடையா, எந்த வயதில் இறந்தார் என்று எழுதுங்கள். நினைவு நன்றாக இருந்தும் குணம் மட்டும் மாறி, வெட்கம் கூச்சம் போய், பேச்சு குறைந்துபோகும் வகை ஒன்று தனியே உண்டு. அது குடும்பத்தில் இறங்குவது அல்சைமரைவிட அதிகம். ஆகவே எது முதலில் என்பது மருத்துவருக்கு மிகவும் உதவும். நலமாக எண்பது வரை வாழ்ந்தவர்களையும் விடாமல் எழுதவேண்டும். தப்பித்தவர்களின் வயதும் மருத்துவருக்கு ஒரு செய்திதான்.

மாமனாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்று மருமகளுக்குச் சரியாகத் தெரியாது. கணவருக்கும் இப்போது சொல்ல வராது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த நாத்தனார் இருக்கிறார். தம் தந்தையைக் கடைசி நாள்வரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர் அவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரைப் போய்ப் பார்க்கலாம்.